மஞ்சள் துணி கட்டிய கிடா

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வோர் ஆடி மாதமும் நினைப்பேன். கூழ் ஊற்றி முடிந்து பந்தலைப் பிரித்ததும் நானும் விட்டுவிடுவேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன், நான்கு வரி சேர்த்து எழுதினால் கை வலிக்கும். அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இதைச் சொன்னால் இவன் அம்மனைக் குறைத்துப் பேசுகிறான் என்று எங்கள் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். வெல்டிங் பட்டறையில் முதல் பொறி பறக்கும் முன் அவள் பேரைச் சொல்லாமல் கண்ணாடியை மாட்டியதில்லை. அதனால்தான் தயங்கினேன்.

போன ஆடிக்குக் கோயில் சுவருக்கு வெள்ளையடித்துப் புதுப் படம் வரைந்தார்கள். ஒரு செம்மறிக் கிடா. இரண்டு கொம்பும் தங்க நிறம். தலையைச் சுற்றி வெளிச்சம். எதிரே கறுப்பாக ஓர் உருவம், பல்லும் நகமுமாக. கிடா அதை முட்டித் தள்ளுகிறது. பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கைகூப்பி நிற்கிறாள். அது எங்கள் வீட்டுக் கிடா. அந்தப் பிள்ளைத்தாய்ச்சி என் மனைவி என்று சொல்கிறார்கள். நடந்தது அப்படியில்லை. அங்கே இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சுனாமிக்கு முந்தைய வருஷங்களில் நடந்தது இது. திருவொற்றியூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஓடு போட்ட வீட்டில் நான், என் அம்மா, என் மனைவி மூன்று பேர் இருந்தோம். கல்யாணமான பிறகு இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது தடவை ஆறு மாதம் வரைக்கும் வந்து போனது. அம்மா அழவில்லை. என் மனைவி காதில் விழும்படியே சொன்னாள்:

"இன்னொரு வாட்டி பாப்பேன். அதுவும் நிக்கலன்னா என் தம்பி பொண்ணு கீது. இந்த வூட்டுக்கு ஒரு புள்ள வோணும்."

அம்மாவை யாரும் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவளும் வேறு வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள்தான். எனக்கு முன்னால் அவளுக்கு எத்தனை தங்காமல் போயின, அப்போது அவள் மாமியார் என்ன சொன்னாள் என்பதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும்.

அம்மா நேர்ந்துகொண்டாள். எண்ணூர் கழிமுகத்தில், முகத்துவாரக்குப்பத்தைத் தாண்டி, சீமைக்கருவேலங்காட்டு ஓரத்தில் இருக்கிற அம்மனுக்கு ஒரு கிடா. குட்டியாக வாங்கி வீட்டில் வளர்ப்பது. மருமகள் வயிற்றில் அடுத்தது தரித்ததும் கிடாவைக் கொண்டுபோய்க் கோயிலில் விட்டுவிடுவது. பிள்ளை உயிரோடு பிறந்து முடி இறக்குகிற அன்றைக்குத்தான் பலி. அதுவரை கிடா அம்மனுடையது. அதைக் கட்டக் கூடாது, திரும்பக் கூட்டி வரக் கூடாது. கழுத்தில் மஞ்சள் துணி கட்டி அதில் ஒரு மஞ்சள் கிழங்கையும் வேப்பங்கொழுந்தையும் முடிந்திருக்கும். நேர்த்தி முடிகிற வரை அந்த முடிச்சை மனுஷர் கை அவிழ்க்கக் கூடாது. கிடா நடுவில் செத்துவிட்டால் அம்மன் ஏற்கவில்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புளியந்தோப்பில் என் மனைவியின் அம்மா வீடு. அங்கே ஆடு விற்று அறுக்கிற ஆட்டுத்தொட்டியில் என் மைத்துனன் ஒரு செம்மறிக் குட்டியைப் பார்த்து வாங்கிக் கொடுத்தான். செங்கல் நிறம். ஷேர் ஆட்டோவில் என் மனைவி மடியில்தான் வந்தது.

வளர்த்தது அவள்தான். அரிசி கழுவின தண்ணீர், முருங்கைக்கீரைக் காம்பு, மீந்த இட்லி. மார்கழிப் பனியில் தன் பழைய சேலையைப் போர்த்தினாள். கொம்பு முளைத்த பிறகு அது விளையாட்டுக்கு முட்ட வரும். அவள் கொம்பில் இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள், அது நின்றுவிடும். கொஞ்ச நாளில் தலையைக் குனிவதையே விட்டுவிட்டது. தெருப் பிள்ளைகள் மேலே ஏறி உட்கார்ந்தாலும் நின்றுகொண்டிருக்கும். நல்ல வளர்ப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அது போய் வாழப்போகிற இடத்தில் முட்டத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"ரொம்ப செல்லம் குடுக்காத. அது அம்மனோட சொத்து," என்பாள் அம்மா.

"தெரியும் அத்த," என்பாள் இவள். கை அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டேயிருக்கும்.

மூன்றாவது தடவை தரித்தது. மூன்று மாதம் தாண்டியதும் ஒரு வெள்ளிக்கிழமை கிடாவை மினி வேனில் ஏற்றினோம். மாசமாக இருப்பவள் கழிமுகத்துக்கு வரக் கூடாது என்று இவளை அம்மா நிறுத்திவிட்டாள். இவள் வாசலுக்கு வரவில்லை. உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

கோயிலில் பூசாரி கிடாவின் காதில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டால்தான் உத்தரவு. ஊற்றிய உடனே சிலிர்த்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மஞ்சள் துணியை அவள்தான் கட்டினாள், அவிழ்ந்துவிடாதபடி முடிச்சுமேல் முடிச்சாக. வால் கொஞ்சம் நீளமாகத் தொங்கியது.

அந்தக் கோயிலுக்கு என்று ஒரு மந்தை உண்டு. நேர்ந்துவிட்டவர்கள் திரும்பி வராமலே போன ஆடுகள், அவை போட்ட குட்டிகள். மேய்க்க ஆள் கிடையாது. கருவேலங்காயைத் தின்றுகொண்டு, அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் போகிற குழாய்க்குக் கீழே படுத்துக்கொண்டு, வருஷக்கணக்காகக் காட்டில் இருந்து அவை காட்டு மிருகம் மாதிரியே ஆகிவிட்டன. மனுஷர் கிட்டே போனால் மொத்தமாக ஓடும். கிடாக்களின் கொம்பு சுருண்டு தடித்து, வரிவரியாக மரப்பட்டை போல இருக்கும். அதில் ஒன்று பெரிய கிடா. ஒரு காது பாதி கிழிந்தது. மற்றவை அது எழுந்தால் எழும், படுத்தால் படுக்கும்.

முதல் நாள் எல்லாம் சுற்றி நின்று எங்கள் கிடாவை மோந்து பார்த்தன. எங்கள் வீட்டு மஞ்சளும் சோறும் சோப்பும் அதன் மேல் வீசியிருக்கும். மேல் உதட்டைத் தூக்கிக்கொண்டு நின்றன. அப்புறம் போய்விட்டன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வேலைக்குப் போகும் முன் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் இவள் ஒரே கேள்விதான் கேட்பாள், சாப்பிடுகிறதா என்று. சாப்பிடுகிறது என்பேன்.

சாப்பிடவில்லை. கூழ் ஊற்றுகிற கல்தொட்டிக்கு அது வந்தால் பெட்டை ஆடுகள்கூட விலாவில் முட்டித் தள்ளின. நிழலில் படுத்தால் அந்தக் கிழிந்த காதுக் கிடா முன்னங்காலால் தட்டி எழுப்பும். எழுந்து வெயிலுக்குப் போகும். வேறொரு கிடா வந்து அங்கிருந்தும் எழுப்பும். ஒருநாள், தாய் செத்த குட்டி ஒன்று எல்லாப் பெட்டைகளிடமும் பால் கேட்டுப் போவதைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மோந்து பார்த்துவிட்டுத் தலையால் தூக்கி எறிந்தது. குட்டி எழுந்து அடுத்ததிடம் போனது. சத்தம் இல்லை, கோபம் இல்லை. மேய்கிற நேரத்தில் நடுவே ஒரு வேலை மாதிரி செய்தன. அடுத்த வாரம் அந்தக் குட்டியைக் காணவில்லை.

எங்கள் கிடா என்னைப் பார்த்தால் ஓடி வரும். பாக்கெட்டில் கொண்டுபோன கல்லுப்பைக் கையிலிருந்து நக்கும். நெற்றியில் தோல் உரிந்து ஈ மொய்த்தது. தலையைக் குனியத் தெரியாமல் நின்றபடியே அடி வாங்கியிருக்கிறது.

பூசாரியிடம் சொன்னேன். அவர் காலையில் கடலுக்குப் போய் வந்து பூசை செய்கிறவர். வலையைக் காயப்போட்டுக்கொண்டே சிரித்தார்.

"புதுசா வந்தவன் ஒத வாங்கித்தான் ஆவணும் நைனா. நானும் இந்தக் குப்பத்துக்கு மாப்ளயா வந்தவன்தான். ரெண்டு வருஷம் எவனும் என்னிய படகுல ஏத்தல. இப்ப பாரு, சாமிய தொடுறேன்."

நான் சிரித்தேன். வீட்டில் அம்மாவிடம், அதைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துவிட்டுத் திரும்ப விடலாமா என்று கேட்டேன். அம்மனிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பாயா என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய வெள்ளி. கழியில் தண்ணீர் வற்றி, சேறு சாம்பல் நிறத்தில் கிடந்தது. சைக்கிளில் வரும்போதே சத்தம் கேட்டது. தேங்காயைச் சுவரில் அடிக்கிற மாதிரி. கொஞ்சம் நிற்கும். திரும்பக் கேட்கும்.

மஞ்சள் துணியின் வால் கருவேல முள்ளில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் கிடா அதிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்த்துப் பார்த்து முடிச்சை இன்னும் இறுக்கிவிட்டிருந்தது. திரும்பவும் முடியாது, ஓடவும் முடியாது. விலா வெளியே தெரிய நின்றது. கிழிந்த காதும் இன்னும் இரண்டு கிடாக்களும் முறை வைத்து முட்டின. ஒன்று பின்னோக்கியே நடந்து போகும், நிற்கும், ஓடி வந்து அடிக்கும். அப்புறம் ஒதுங்கி நிற்கும். அடுத்தது பின்னோக்கி நடக்கும். மற்ற ஆடுகள் பக்கத்திலேயே மேய்ந்தன. அடி விழுகிற நேரம் ஒன்றிரண்டு தலை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தன.

நான் கத்திக்கொண்டு உள்ளே போனேன். மனுஷரைக் கண்டால் ஓடுகிற ஆடுகள், அன்றைக்கு ஓடவில்லை. சேற்றை வாரி எறிந்தேன். ஒரு கம்பை எடுத்து அடித்தேன். கொஞ்சம் விலகி நின்று என்னைப் பார்த்தன. நான் முடிச்சில் கை வைத்தேன். அவிழ்க்கக் கூடாது என்று தெரியும். அப்போது அதை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். விரலுக்கு வரவில்லை. ஈரத்தில் ஊறிக் கல்லாகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். மஞ்சள் கிழங்கு சேற்றில் விழுந்தது.

கிடா வெளியே வந்தது. முன்னங்கால் ஒன்று தொங்கியது. தோளால் அணைத்து ரோட்டுப் பக்கம் தள்ளினேன். ரோட்டுக்குப் போய்விட்டால் மினி வேனோ டிராக்டரோ எதிலாவது ஏற்றிவிடலாம் என்று இருந்தேன். நாலைந்து அடி வந்தது. நின்றது. மந்தை இருக்கும் பக்கம் திரும்பி ஒருதரம் கத்தியது. அப்புறம் மூன்று காலில் நடந்து அவைகளிடமே போனது.

நான் குறுக்கே நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

கிழிந்த காது பின்னோக்கி நடந்து போனது. எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடி வந்தது.

அதன் பிறகு முட்ட எதுவும் இல்லை. மூன்றும் போய்க் கருவேலங்காய் பொறுக்கித் தின்றன. நான் கையில் தண்ணீர் எடுத்து வந்து வாயில் விட்டேன். வெளியே வழிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கையில் உப்பு இருந்ததால் சிராய்ப்பு எரிந்தது, அது மட்டும் தெரிந்தது. பூசாரி வந்தார். கோயில் கிடா, சாப்பிடக் கூடாது என்று கரையோரமாகக் குழி வெட்டினார். என் கையில் இருந்த துணியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். துணியைப் பார்த்தாள். கிடாவுக்கு என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை.

"முடிச்ச யாரு அவுத்தா?"

நான்தான் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், முள், முட்டு, திரும்பிப் போனது, எல்லாம். அவள் மீன் செதிலைத் தண்ணீரில் அலசிக்கொண்டே கேட்டாள்.

"ஆடு ஆட்ட கொல்லுமாடா? இவ கையால வளந்தத அம்மன் ஏத்துக்கல. அவ்ளதான்," என்றாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

வளைகாப்பு நடந்தது. பந்தல் போட்டோம், கலந்த சாதம் ஐந்து வகை ஆக்கினோம். தெருவில் கிடா செத்த சேதி பரவிவிட்டது. வளையல் போட வர வேண்டிய பெண்கள் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குக் காசிமேட்டில் வியாபாரம், ஒருத்திக்கு ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது. எல்லோரும் அவரவர் வாசலில்தான் இருந்தார்கள். சண்டை இல்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை, அவ்வளவே. புளியந்தோப்பிலிருந்து வந்த இவளுடைய அம்மாவும் அண்ணியும் போட்டது போக வளையல் மீந்து கிடந்தது. மீதியை இவளே எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள்.

புளியந்தோப்புக்குக் கிளம்பும்போது இவள் என் அம்மா காலில் விழுந்தாள். அம்மா திருநீறு பூசினாள்.

"நல்லபடியா பெத்தா வா. இல்லன்னா அங்கயே இருந்துக்கோ," என்றாள்.

"சரி அத்த," என்றாள் இவள்.

அந்த இரண்டு மாதமும் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பட்டறைக்குப் போனேன், வந்தேன். வெள்ளிக்கிழமை கழிமுகத்துக்கும் போனேன். மந்தை அங்கேதான் இருந்தது. கிழிந்த காது படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் சாமி கும்பிட்டேன். பிள்ளையையும் இவளையும் காப்பாற்று என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு, நல்ல எடையோடு. சர்க்கார் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா குழந்தையைக் கையில் வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கெடா உசுர குடுத்து இது வந்துகீது."

அன்றைக்குப் பிறந்த கதைதான் இப்போது சுவரில் இருக்கிறது. முதலில், கிடா பிள்ளைக்கு வந்த கண்டத்தைத் தான் வாங்கிக்கொண்டது என்றார்கள். அப்புறம், மூன்று கிடாக்களும் ஆடே இல்லை, இந்த வீட்டைப் பிடித்திருந்த மூன்று தோஷம் என்றார்கள். முடிச்சு தானாக அவிழ்ந்தது என்றார்கள். பூசாரியும் அதற்கு ஆமாம் போட்டார். என்னிடம் கேட்டவர்களுக்கு நான் நடந்ததைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு என் அம்மாவிடம் போய்த் திரும்பக் கேட்டார்கள். அவள் நன்றாகச் சொல்லுவாள். வளைகாப்புக்கு வராத பெண்கள்தான் முன்னால் உட்கார்ந்து கேட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இவள் இன்னும் புளியந்தோப்பில் இருந்தபோது நான் போய், தனியாக வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன், அங்கே போய்விடலாம் என்றேன். பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். மாதம் முடியும் முன்னாலேயே ஒருநாள் பிள்ளையும் பையுமாக ஷேர் ஆட்டோவில் எங்கள் தெருமுனையில் இறங்கி, தானாக நடந்து வந்தாள். அம்மா ஆலம் சுற்றி உள்ளே விட்டாள். இவளும் என் அம்மாவும் அதன் பிறகு ஒரே அடுப்பில்தான் ஆக்குகிறார்கள். அம்மாவுக்கு இப்போது கண் தெரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது இவள்தான்.

கிடாவைப் பற்றி இவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். பிள்ளைக்கு முடி இறக்கிவிட்டு வந்த அன்று, அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் வழக்கம்போல ஒரு சட்டியில் பிடித்திருந்தாள்.

"இன்னாங்க. நீங்க அவுத்து உட்டப்புறம், அதுங்க கிட்டயே திரும்பிப் போச்சா?"

"போச்சு."

சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு வேற எங்க போவத் தெரியும்," என்றாள். பிறகு அந்தத் தண்ணீரை எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்.

சுவரில் படம் வந்த பிறகு அவளுக்குக் காட்டினேன். கைகூப்பி நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நான் அங்கே போகவே இல்லையே, அதை அனுப்பிய அன்றும் அடுப்பு ஊதிக்கொண்டல்லவா இருந்தேன் என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குத்தான் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்குப் பிள்ளையைக் கொடுத்தது அம்மன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிடாவை அடித்தது கிடாக்கள். அதிலும் சந்தேகம் இல்லை. இவளை இந்த வீட்டில் நிற்க வைக்கவும் விரட்டவும் அந்தக் கிடா ஒரு காரணமாக இருக்கக் கூடாது என்று எனக்குப் படுகிறது. அம்மன் கொடுத்ததையும் கிடாக்கள் அடித்ததையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று தெரிந்தவர்கள் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அதன் கொம்பு தங்கமில்லை, சாதாரணக் கொம்பு, முட்டப் பழகாதது. வெளிச்சம் எதுவும் வரவில்லை; காலை வெயில்தான் இருந்தது. முடிச்சைப் பல்லால் அவிழ்த்தவன் நான். என் மனைவி மேல் ஒரு குற்றமும் இல்லை. கிடா தானாகத்தான் திரும்பிப் போனது. அந்த இடத்தை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.